ஆமை வளர்க்கலாமா? முதலில் அது எந்த ஆமை என்று பாருங்கள்

மதுரை செல்லூரில் இருக்கும் மாமா போன மாசியில் போன் செய்தார். "மருமகனே, ஆமைக்கு ஏதோ லைட்டு மாட்டணுமாமே, அது எங்க கிடைக்கும்?"

நேரில் போய்ப் பார்த்தேன். மாடிப்படிக்குக் கீழே துணி ஊறவைக்கிற நீல டப். அடியில் விரித்த பழைய செய்தித்தாளின் மேல் உள்ளங்கை அளவில் ஓர் ஆமை. பக்கத்தில் நனைந்த பிஸ்கட். கறுப்பு ஓட்டில் ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலிருந்தும் மஞ்சள் கோடுகள் கதிர் மாதிரி விரிந்திருந்தன. ஓட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் லேசாகத் தொட்டால் அமுங்கியது. வெயிலும் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்காத ஆமைக்கு ஓடு அப்படித்தான் ஆகும்.

லைட் பற்றிப் பேசப் போனவன் சட்டம் பேசிவிட்டு வந்தேன். ஏனென்றால் அது நட்சத்திர ஆமை.

வீட்டில் வைத்தால் பணம் சேரும் என்று யாரோ சொல்லி வாங்கியிருக்கிறார். ‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது’ என்று சொல்லி வளர்ந்த ஊருக்குள் இந்த வாஸ்து எப்போது நுழைந்ததோ தெரியவில்லை. நட்சத்திர ஆமை விஷயத்தில் பழமொழி அப்படியே பலிக்கும். ஆமை முன்னால் வரும், அமீனா பின்னாலேயே வருவார்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இல் இந்த ஆமை முன்பு நான்காம் அட்டவணையில் இருந்தது. 2022-இல் சட்டத்தைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதில் இது முதல் அட்டவணைக்கு ஏறிவிட்டது. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. முதல் அட்டவணை உயிரினம் தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. "நான் பிடிக்கலையே, காசு கொடுத்துத்தானே வாங்கினேன்" என்றார் மாமா. வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம்தான். எவ்வளவு பெரிய தோட்டத்தில், எவ்வளவு நன்றாக வளர்த்தாலும் இதில் சலுகை இல்லை.

நம் கண்மாய்களில் கிடக்கும் பாலாமையும் முதல் அட்டவணைதான். தண்ணீர் சுத்தமாக இருக்கும் என்று அதைக் கிணற்றில் விடும் பழக்கம் கிராமங்களில் உண்டு. நல்ல எண்ணத்தில் செய்வதுதான், ஆனால் சட்டம் எண்ணத்தைப் பார்க்காது. மழை பெய்த மறுநாள் ரோட்டில் ஒன்று ஊர்ந்துபோவதைப் பார்த்தால், அது போகிற திசையிலேயே ஓரமாகக் கொண்டுபோய் விடுங்கள். அடிபட்டதால் எடுத்துவர வேண்டியதாகிவிட்டது என்றால் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். இது சட்டத்தின் 39-ஆம் பிரிவு. காட்டு உயிர் அரசின் சொத்து என்று சொல்வதும் அதே பிரிவுதான்.

சரி, ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதே, என்ன செய்வது? முறையான உரிமைச் சான்றிதழ் வைத்திருப்பவர், தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு 7 வேலை நாள் முன்னதாகத் தெரிவித்துவிட்டு ஒப்படைக்கலாம். இழப்பீடு கிடையாது. சான்றிதழ் இல்லாதவர் தானாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் வழக்கே வராது என்று சட்டத்தில் எங்கும் எழுதியில்லை. மாமா, எப்போது எப்படிக் கைக்கு வந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, மாவட்ட வன அலுவலகத்தில் ஆமையோடு கொடுத்தார், நகலில் முத்திரையும் வாங்கிக்கொண்டார். கேள்வி நிறைய வந்தது, வழக்கு வரவில்லை. அது அந்த அதிகாரி எடுத்த முடிவு, அதை உரிமையாகக் கேட்க முடியாது. பயமாக இருந்தால் ஒரு வக்கீலைக் கேட்டுவிட்டுப் போங்கள். அதற்காக ராத்திரியோடு ராத்திரியாக அழகர்மலை அடிவாரத்தில் விட்டுவிட்டு வரும் வேலை மட்டும் வேண்டாம். டப்பில் வளர்ந்த ஆமைக்குத் தீனி தேடத் தெரியாது. தேடக் கற்றுக்கொண்டாலும், வீட்டு நோயை அங்கிருக்கும் ஆமைகளுக்குக் கொடுத்துவிடும்.

அப்புறம் வெளிநாட்டு ஆமைகள். கடைகளில் சுல்கட்டா என்று சொல்லி விற்கும் ஆப்பிரிக்க நில ஆமை இதில் முக்கியமானது. இதை வைத்திருக்கலாம், ஆனால் பதிவு செய்தாக வேண்டும். நில ஆமைக் குடும்பம் முழுவதுமே சைட்டீஸ் என்ற பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் பட்டியல்களில் இருக்கிறது. அந்தப் பட்டியல் உயிரினங்களைத்தான் நம் சட்டத்தின் புதிய நான்காம் அட்டவணை சொல்கிறது. 2024 பிப்ரவரியில் இதற்கென்றே விதிகள் வந்தன. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாதம் கொடுத்தார்கள், அது முடிந்துவிட்டது. புதிதாக வாங்குபவர் 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். குட்டி பொரித்தாலும், இறந்தாலும், வேறொருவருக்குக் கொடுத்தாலும் தெரிவிக்க வேண்டும். "இதுக்கெல்லாம் பேப்பர் தேவையில்ல சார்" என்று கடைக்காரர் சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுவது நல்லது. பில்லும், ஆமை எங்கே பொரித்தது என்ற விவரமும் இல்லாமல் விண்ணப்பத்தில் என்ன எழுதுவீர்கள்?

பதிவு முடிந்த பிறகுதான் மாமா கேட்ட லைட்டுக்கே வருகிறோம். மதுரைக்காரருக்கு அது பெரும்பாலும் வேண்டாம். ஆமைக்குத் தேவை சூட்டோடு சேர்ந்து வரும் புற ஊதாக் கதிர், அது நேரடி வெயிலில் இலவசமாகக் கிடைக்கிறது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் சூட்டைத் தரும், அந்தக் கதிரைத் தராது. நம் ஊரில் சிக்கல் வெயில் அதிகமாவதுதான். சித்திரை, வைகாசி மதியத்தில் கான்கிரீட் மாடியில் விட்ட ஆமை வாயில் நுரை தள்ளிச் செத்துவிடும். அதனால் தரையில், பாதி வெயில் பாதி நிழலாக இடம் வேண்டும். நிழல் பக்கம் கீற்றுக் கொட்டகை, அடியில் ஒன்றிரண்டு அடி ஆழத்துக்கு மணல் கலந்த செம்மண். சுல்கட்டா பள்ளம் தோண்டி உள்ளே படுக்கும், அதுதான் அதன் ஏசி. சுற்றுச்சுவரின் அடி மண்ணுக்குள் ஓர் அடியாவது இறங்கியிருக்க வேண்டும். கம்பி வலை வேண்டாம், வெளியே தெரிகிற பக்கமெல்லாம் முட்டிக்கொண்டே இருக்கும். மார்பிள், டைல்ஸ் தரையில் கால் வழுக்கி நடையே கோணலாகிவிடும்.

குட்டி காய்ந்த இடத்தில் வளர்ந்தால் ஓடு மேடு மேடாகப் புடைக்கும். அதற்கு ஒரு மூலையில் ஈரமண், தினமும் கால் மணி நேரம் தாடை நனையாத அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் தலைகீழ். குளிரும் ஈரமும் சேர்ந்தால் மூக்கில் குமிழ் வரும், சளி பிடித்துவிட்டது என்று அர்த்தம். உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

தீனியில் பெரும்பகுதி புல்தான். அருகம்புல், மாட்டுக்குப் போடும் கோ-4, இடையிடையே செம்பருத்தி இலை, முள் சீவிய சப்பாத்திக்கள்ளி. சோறு, பிஸ்கட், வாழைப்பழம் கூடாது. சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை கேளுங்கள், கணவாய் ஓடுதான் அது. ஒரு துண்டு போட்டு வைத்தால் வேண்டும்போது கடித்துக்கொள்ளும். தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், ஆமையிடம் சால்மோனெல்லா கிருமி இருக்கும்.

மீன் கடையில் கண்ணாடிக் கிண்ணத்தில் விற்கும் சிவப்புக்காது ஆமை வேறு ரகம். பத்து ரூபாய் நாணயம் மாதிரி வாங்கி வந்தது ஓர் அடிக்கு வளரும். அலுத்துப்போய் வண்டியூர் கண்மாயிலோ தெப்பக்குளத்திலோ விட்டால் அங்குள்ள பாலாமையின் தீனிக்குப் போட்டியாகும். உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இதுவும் உண்டு.

மாமா இப்போது சுல்கட்டா வாங்கலாமா என்று கேட்கிறார். அவர் வீட்டு முற்றம் பத்துக்குப் பத்து. வளர்ந்த சுல்கட்டா 40, 50 கிலோ வரும், 70 வருடம்கூட இருக்கும். மாமாவுக்கு இப்போது 61. அவருக்குப் பிறகு யார் பெயருக்கு மாற்றி, அதைப் பரிவேஷில் யார் தெரிவிப்பது என்று கேட்டேன். மகனிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார்.