ஃபைல் டயலாக்கும் கழட்ட விடாத பென்டிரைவும்

வாசகர் ஒருத்தர் கேட்டிருந்தார்: "நான் எழுதின விண்டோஸ் ப்ரோக்ராம் ஸ்டார்ட் ஆகும்போது செட்டிங்ஸ் ஃபைலை ஒழுங்கா படிக்குது, ஆனா ஓப்பன் டயலாக்ல ஏதாவது ஒரு ஃபைலை செலக்ட் பண்ணிட்டா அப்புறம் அதே செட்டிங்ஸ் ஃபைல் இல்லைன்னு எரர் வருது, மூடிட்டு திறந்தா சரியாயிடுது, ஏன்?"

ஃபைலோட பாத்தை டிரைவ்ல ஆரம்பிச்சு முழுசா குடுத்தா பிரச்சனையே இல்ல. வெறும் பேரை மட்டும் குடுத்தா, விண்டோஸ் அதை கரண்ட் டைரக்டரியோட, அதாவது ப்ரோக்ராம் இப்ப எந்த ஃபோல்டர்ல நிக்குதோ அதோட, ஒட்டித்தான் தேடும். எக்ஸ்ப்ளோரர்ல எக்ஸிஇயை (ப்ரோக்ராம் ஃபைலை) டபுள் கிளிக் பண்ணா பொதுவா அது இருக்கிற ஃபோல்டர்தான் கரண்ட் டைரக்டரி, அதான் முதல்ல எல்லாம் சரியா ஓடுது. ஆனா யூசர் வேற ஃபோல்டருக்குப் போய் ஓகே குடுத்ததும் டயலாக் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம கரண்ட் டைரக்டரியை அங்க மாத்திட்டுப் போயிடலாம். கரண்ட் டைரக்டரி த்ரெட்டுக்கு (ப்ரோக்ராமுக்குள்ள ஒரே நேரத்துல ஓடுற தனித்தனி வேலைக்கு) ஒண்ணுன்னும் கிடையாது, மொத்த ப்ராசஸுக்கும் (ஓடிட்டிருக்கிற ப்ரோக்ராமுக்கும்) ஒண்ணேதான், அதனால பின்னாடி எங்கயோ லாக் எழுதிட்டிருக்கிற த்ரெட்டும் சேர்ந்து இடம் மாறிடும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இனிமேதான். கரண்ட் டைரக்டரின்னா மெமரில இருக்கிற ஒரு வரி டெக்ஸ்ட்னு தான நினைப்போம்? விண்டோஸ் அந்த ஃபோல்டரை நிஜமாவே ஓப்பன் பண்ணி, ஒரு ஹேண்டிலை (திறந்து வச்சிருக்கிறதுக்கான பிடியை) ப்ராசஸ் பேர்ல புடிச்சு வச்சிருக்கும். இப்ப பென்டிரைவ்ல இருந்து ஒரு படத்தை செலக்ட் பண்றீங்க, ப்ரோக்ராம் படிச்சு முடிச்சு ஃபைலை க்ளோஸும் பண்ணிடுச்சு, ஆனாலும் பென்டிரைவைக் கழட்டப் போனா "யூஸ்ல இருக்கு"ன்னு வரும், அந்த ஃபோல்டரை டெலீட் பண்ணவும் விடாது. கோடுல ஃபைல் க்ளோஸ் ஆகலையோன்னு எத்தனை தேடினாலும் கிடைக்காது, ஏன்னா புடிச்சு வச்சிருக்கிறது ஃபைலை இல்ல, ஃபோல்டரை! ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர்ங்கிற மைக்ரோசாஃப்ட் டூல்ல ஹேண்டில் லிஸ்டைப் பாத்தா கையும் களவுமா மாட்டும்.

"ரீஸ்டார்ட் பண்ணு, சரியாயிடும்"ங்கிறது நம்ம துறையோட மூடநம்பிக்கைன்னே சொல்லுவேன். இங்க ரீஸ்டார்ட் பண்ணா சரியாகுறது உண்மைதான், ஆனா கரண்ட் டைரக்டரி பழைய இடத்துக்குத் திரும்புறதாலதான் சரியாகுது, அதைப் புரிஞ்சுக்காம தாயத்து கட்டுற மாதிரி விட்டுட்டா பக் அங்கயேதான் இருக்கும்.

மைக்ரோசாஃப்டோட டாட்நெட்ல எழுதுறவங்களுக்கு, டைரக்டரியைப் பழையபடி மாத்த டயலாக்லயே ரீஸ்டோர் டைரக்டரின்னு ஒரு ப்ராப்பர்ட்டி இருக்கு, டீஃபால்ட்டா ஆஃப்ல கிடக்கும், ஆன் பண்ணிக்கலாம். விண்டோஸோட அடிப்படை ஏபிஐயான வின்32ல நேரடியா எழுதுறவங்களுக்கும் ஒரு ஃப்ளாக் உண்டு, ஆனா ஓப்பன் டயலாக்குக்கு அது வேலை செய்யாதுன்னு மைக்ரோசாஃப்ட் டாக்குமெண்டேஷனே சொல்லுது, அதனால டயலாக்குக்கு முன்னாடி கரண்ட் டைரக்டரியை எடுத்து வச்சுக்கிட்டு முடிஞ்சதும் திரும்ப செட் பண்ணிடுங்க. என்னைக் கேட்டா வெறும் பேரை நம்புறதையே விட்டுடணும்: ப்ரோக்ராமோட கூட வர்ற ஃபைலுக்கு எக்ஸிஇ இருக்கிற ஃபோல்டரை வச்சு முழு பாத்தைக் கட்டுங்க, செட்டிங்ஸை ஆப்டேட்டால (ப்ரோக்ராம்கள் யூசரோட டேட்டாவை வைக்கிற விண்டோஸ் ஃபோல்டர்ல) எழுதுங்க.

மேக்ல 2019ல வந்த கேட்டலினா வெர்ஷன்ல இருந்து ஓப்பன் பேனல் (அங்கத்த ஓப்பன் டயலாக்) எல்லா ஆப்புக்குமே தனி ப்ராசஸ்லதான் ஓடுது. விண்டோஸ்ல டயலாக் உங்க ப்ராசஸுக்குள்ளயே வந்து உக்காரும், அதான் உங்க டைரக்டரில கை வைக்க முடியுது.

இன்னொண்ணு, படிக்கிறதோட போகாம வெறும் பேர்ல எழுதவும் செய்யுற ப்ரோக்ராம்னா எரரே வராது. யூசர் செட்டிங்ஸ் காணோம்னு சொன்னா அவர் டயலாக்ல கடைசியா ஃபைலை செலக்ட் பண்ண ஃபோல்டர்ல போய்ப் பாருங்க, உங்க ஃபைல் அங்க புதுசா பொறந்து கிடக்கும்.