ஜார் வேறு, பேரரசர் வேறு

'1552-இல் ரஷ்யப் பேரரசர் நான்காம் இவான் கசானைக் கைப்பற்றினார்.' போட்டித் தேர்வுக் கையேடு, யூடியூப் வரலாறு, மொழிபெயர்ப்புக் கட்டுரை என எங்கு திரும்பினாலும் இதே வாக்கியம். 1552-இல் ரஷ்யாவில் பேரரசரே கிடையாது. ஜார்தான் இருந்தார்.

ஜார் என்ற சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரோமானியரின் சீசர், பழைய ஸ்லாவிய மொழிக்குப் போய் 'த்சேசர்' ஆகி, தேய்ந்து 'த்சார்' ஆயிற்று. நம் வாய்க்கு ஜார்.

சீசர் வழி வந்ததால் பேரரசர் என்றுதான் பெயர்க்க வேண்டுமாம். வேர் அங்கே இருக்கலாம். சொல் புழங்கிய விதம் வேறு. ரஷ்ய பைபிளில் தாவீதும் சாலொமோனும் ஜார்கள்தான். தாவீது ராஜா என்கிறோமே தவிர, தாவீது பேரரசர் என்றா சொல்கிறோம்? பைசாந்திய மன்னரையும் ஜார் என்றார்கள். தங்களிடம் கப்பம் வாங்கிய மங்கோலியக் கானையும் ரஷ்யர்கள் ஜார் என்றே எழுதினார்கள். தனக்கு மேல் ஆளில்லாத அரசன், அதுதான் பொருள். 1547-இல் மாஸ்கோவின் இவான் ஜாராக முடிசூடியதும் அந்த அர்த்தத்தில்தான்.

நாடு வளர்ந்த கதையும் இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. கான் ஒருவர் ஆண்ட கசானின் மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி, வெடிமருந்துப் பீப்பாய்களை வைத்துத் தகர்த்து நுழைந்த இவான், ஓர் ஊரை மட்டுமல்ல, இன்னொரு ஜாரின் இருக்கையையே பிடித்தார். பட்டத்தில் 'கசானின் ஜார்' சேர்ந்தது. 1556-இல் வோல்கா முகத்துவாரத்து அஸ்திரகான் விழுந்ததும் 'அஸ்திரகானின் ஜார்'. யெர்மாக் என்ற தலைவனின் கொசாக்குகள் (எல்லைப்புறப் போர்க்குடியினர்) உரால் மலையைத் தாண்டிச் சைபீரியாவை ஆண்ட குச்சூம் கானை விரட்டினார்கள். பின்னாளில் 'சைபீரியாவின் ஜார்' என்பதும் ஒட்டிக்கொண்டது. 1654-இல் உக்ரைனியக் கொசாக்குகள் பெரெயாஸ்லாவில் ஜார் அலெக்ஸேய்க்கு விசுவாசம் சொல்ல, 'பெரிய, சிறிய ரஷ்யாக்களின்' என்று பட்டம் இன்னும் நீண்டது. இங்கெல்லாம் பேரரசரைப் போட்டுப் பாருங்கள்: கசானின் பேரரசர், அஸ்திரகானின் பேரரசர். சிரிப்புதான் வருகிறது.

1639-இல் பசிபிக் கரையைத் தொட்ட நாடு பேரரசு இல்லாமல் என்ன என்று கேட்பார்கள். சரி, பரப்பைச் சொல்வதற்குப் பேரரசு என்று சொல்லிக்கொள்ளுங்கள். பட்டமாகச் சொல்லாதீர்கள். சுவீடனுடனான நீண்ட போரை வென்று முடித்த முதலாம் பீட்டர், 1721-இல் 'இம்பெராத்தர்' (பேரரசர்) என்ற லத்தீன் பட்டத்தைச் சூடியது ஜார் போதவில்லை என்பதால்தானே? பிரஷ்யாவும் நெதர்லாந்தும் உடனே ஏற்றன. ஆஸ்திரியா 20 ஆண்டு இழுத்தடித்தது. அவ்வளவு இழுபறியில் கிடைத்த பட்டத்தை நம் மொழிபெயர்ப்பாளர்கள் 1547-லேயே இவானுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். பாரதி 'ஜார் சக்கரவர்த்தி' என்றது 1917-இல் வீழ்ந்த இரண்டாம் நிக்கலாஸை. அது பொருந்தும்.

'ஜார் மன்னர்' என்பதும் வேண்டாம். அது நடு சென்டர் வகை. தனித்தமிழ் அன்பர்கள் ஜகரத்தை விலக்கிச் 'சார்' என்கிறார்கள். சார் இவான் என்றால் கணக்கு வாத்தியார்தான் கண்முன் வருகிறார். ஜார் என்றால் மிக்ஸி ஜார் நினைவுக்கு வராதா என்று திருப்பிக் கேட்கிறார்கள். வரட்டுமே, கசானைப் பற்றிய பத்தியில் யாரும் சட்னி அரைக்கப் போவதில்லை.

ஆளுக்கு ஜார் என்றே இருக்கட்டும். 1721 வரையிலான நாட்டுக்கு 'ஜாரரசு' என்பேன். 'ஜாராட்சி' நாட்டைவிட ஆட்சிமுறையைத்தான் சொல்கிறது. அதையும் 1917 வரைக்கும் இழுத்துவிட்டார்கள். ஜாரரசுக்கு ஜோடியாகக் கானின் நாட்டைக் 'கானரசு' என்றால் தெளிவு. அதைக் 'கானகம்' என்று எழுதும் துணிச்சல் எங்கிருந்து வந்ததோ! 'இவான் கசான் கானகத்தை அழித்தார்' என்று படிக்கிறவன், மனிதர் காட்டை வெட்டினார் என்றல்லவா நினைப்பான்?