மானியம்: சொல் விளக்கம்

"டிராக்டர் மானியத்துல எடுத்தது", "சொட்டுநீருக்கு மானியம் வந்துருச்சா?" என்று ஊரில் கேட்டால் எல்லாருக்கும் புரியும். பொருளின் விலையில் ஒரு பங்கை அரசு ஏற்றுக்கொள்கிறது. முழு விலையையும் முதலில் நாம் கட்டிவிட்டு அரசின் பங்கை அப்புறம் வாங்கிக்கொள்வதென்றால் பின்னேற்பு மானியம்.

ஆனால் பழைய மானியம் பணமே அல்ல, நிலம். மதிப்புக்குரியது என்று பொருள்படும் 'மான்ய' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. ஊருக்கு உழைத்தவருக்கு, கோயிலில் பணி செய்தவருக்கு வரி நீக்கியோ குறைத்தோ விட்ட நிலம் அது. வெட்டியான் மானியம், கணக்குப்பிள்ளை மானியம் என்று வயல்களுக்கு இன்றும் பேர் இருக்கிற ஊர்கள் உண்டு. 1963ஆம் ஆண்டின் இனாம் ஒழிப்புச் சட்டங்களுக்குப் பிறகு அந்த ஏற்பாடு போய்விட்டது, வயலின் பேர் மட்டும் நின்றுவிட்டது. இதற்கு நல்ல தமிழ்ச் சொல் கல்வெட்டுகளிலேயே இருக்கிறது: இறையிலி. இறை என்றால் வரி, அது இல்லாத நிலம் இறையிலி.

சப்சிடியின் கதை வேறு. லத்தீனில் 'சப்சிடியம்' என்றால் போரில் பின்வரிசையில் காத்திருக்கும் துணைப்படை. முன்வரிசை தளரும்போது வந்து தாங்க வேண்டியது அதன் வேலை. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் நாடாளுமன்றம் மன்னருக்கு ஒப்புக்கொடுத்த வரிக்கும் இதே பேர்தான். அன்று குடிமக்களிடமிருந்து அரசுக்குப் போனது, பின்னாளில் அரசிடமிருந்து குடிமக்களுக்கு வந்தது.

இப்போது அமெரிக்காவின் ஐயோவாவில் மக்காச்சோளமும் சோயாவும் விளையும் ஒரு கவுண்டிக்குப் போவோம். (கவுண்டியை மாவட்டம் என்று எழுதுகிறோம். நாடு முழுக்க மூவாயிரத்துக்கும் மேல் இருப்பதால், நம் மாவட்டத்தை விடப் பெரும்பாலும் மக்கள்தொகையில் சிறியது.) அங்குள்ள உழவருக்கு அரசு போடும் பணத்தையும் நம் செய்திகள் மானியம் என்றே எழுதுகின்றன. அது அவர் வாங்கும் உரத்துக்கோ கருவிக்கோ தரும் விலைக்குறைப்பு அல்ல. 2014 வேளாண் சட்டம் கொண்டுவந்த ஒரு திட்டத்தில், கவுண்டியின் சராசரி விளைச்சலை நாட்டுச் சந்தை விலையால் பெருக்கிப் பார்க்கிறார்கள். முந்தைய ஆண்டுகளை வைத்துக் கணக்கிட்ட அளவில் 90 சதவீதத்துக்குக் கீழே (2024 விளைச்சல் வரை 86 சதவீதம்) அது இறங்கினால் பணம் உண்டு, இல்லையென்றால் இல்லை. அதுவும் அறுவடை முடிந்து ஏறக்குறைய ஓராண்டு கழித்துத்தான் கைக்கு வரும்.

இதில் எனக்கு மனம் ஒப்பாத இடம் ஒன்று உண்டு. இரண்டு வயல்களுக்கு நடுவே ஒரு சரளைச் சாலை, அந்தச் சாலைதான் கவுண்டி எல்லை என்று வையுங்கள். மண் ஒன்று, மழை ஒன்று. ஆனால் உழவரின் சொந்த வயலின் விளைச்சல் கணக்கில் வராது, கவுண்டியின் சராசரிதான் வரும். சாலைக்கு இந்தப் பக்கத்தவருக்குப் பணம் வந்து, அந்தப் பக்கத்தவருக்கு வராமலே போகலாம்.

அமெரிக்க அரசு உழவருக்கு இப்படிப் பணம் தரத் தொடங்கிய 1933இல் நடந்தது இன்னும் கொடுமை. விலை ஏற வேண்டும் என்பதற்காக, விளைந்துகொண்டிருந்த பருத்தியை உழுது மடக்கச் சொல்லி அரசு பணம் கொடுத்தது. தென்மாநிலங்களில் காசோலை நிலவுடைமையாளர் பேருக்குப் போனது. வாரத்துக்கு (விளைச்சலில் பங்குக்கு) உழுதவர்களில் பலர் பங்கும் கிடைக்காமல், இருந்த நிலத்தையும் விட்டு வெளியேற்றப்பட்டார்கள்.

சரி, எந்தச் சொல்லை எழுதுவது? உரத்துக்கும் கருவிக்கும் விலை குறைத்துத் தருவதை மானியம் என்றே வைத்துக்கொள்ளலாம். வடசொல்தான், ஆனாலும் உழவர் வாயில் ஊறிவிட்டது. திருப்பிக் கேட்காமல் ஒரு பணிக்குக் கொடுக்கும் நிதியை நல்கை என்பதே சரி. பல்கலைக்கழக மானியக் குழுவைச் சிலர் நல்கைக் குழு என்று எழுதுவது இதனால்தான். ஐயோவா உழவருக்கு வருவது வருமானம் சரிந்ததற்கான ஈடு. அதை 'வருவாய் ஈட்டுத்தொகை' என்று எழுதுங்கள். மானியம் என்று படிக்கிறவர் சலுகை என்று நினைத்துக் கடந்துவிடுவார், ஈட்டுத்தொகை என்றால் எதற்கு ஈடு, யாருக்குப் போகிறது என்று கேட்பார்.