‘ஸ்லேவிஷ்’ என்று எழுதினால் அடிமை என்று அர்த்தமா?

வக்கீல் நோட்டீசைச் சுருட்டிப் பிடித்தபடி அண்ணாச்சி உள்ளே வந்தபோதே முகம் சிவந்திருந்தது. ஜெய்ஹிந்த்புரத்தில் அப்பளம் போடுபவர். (ஆள் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) “முப்பது வருடமாகச் சொந்தக் காலில் நிற்கிறேன், வக்கீல் சார். என்னை அடிமை என்று எழுதியிருக்கிறான்.” அந்தக் கோபத்திலேயே பதினைந்து நாள் கெடுவில் பன்னிரண்டு நாளைத் தொலைத்திருந்தார்.

அவருடைய அப்பள லேபிள் இன்னொரு கம்பெனி லேபிளின் ‘ஸ்லேவிஷ் இமிடேஷன்’ என்றுதான் நோட்டீசில் இருந்தது. கல்லூரியில் படிக்கும் மகள் அகராதியைப் பார்த்து ‘அடிமைத்தனமான’ என்று சொல்லியிருக்கிறாள். அவள்மேல் தப்பில்லை. ‘ஸ்லேவ்’ அடிமைதான், இடைக்காலத்தில் பிடித்து விற்கப்பட்ட ஸ்லாவ் மக்களின் பெயரிலிருந்து வந்த சொல். ஆனால் காப்பி, இமிடேஷன் போன்றவற்றுக்கு முன்னால் ‘ஸ்லேவிஷ்’ வந்தால் அது ஆளைத் திட்டுவதில்லை, காரியத்தைத் திட்டுகிறது. சொந்தமாக ஒரு கோடுகூடச் சேர்க்காமல், யோசிக்காமல் எடுத்த நகல். நம்மிடம் இதைவிட நல்ல சொல் இருக்கிறது: ஈயடிச்சான் காப்பி.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. இரண்டு லேபிள்களையும் மேசையில் விரிக்கச் சொன்னேன். எதிர்த்தரப்பின் லேபிளில் கிளியின் சிறகுக்குக் கீழே கடுகளவு கறுப்புப் புள்ளி. அச்சுத் தகட்டில் இருந்த பழுது. அண்ணாச்சியின் லேபிளில் பெயர் மட்டும் வேறு. கிளி அதே, கிளிக்குக் கீழே புள்ளியும் அதே. வடிவமைத்த பையன் அடுத்தவர் லேபிளை ஸ்கேன் செய்து பெயரை மட்டும் மாற்றியிருக்கிறான். ஈயடிச்சான் கதையில் வரும் குமாஸ்தாவாவது, மூலத்தில் செத்த ஈ ஒட்டியிருந்தது என்று ஓர் ஈயைத் தேடி அடித்து நகலிலும் ஒட்டினான். இவனுக்கு அந்தச் சிரமமும் இல்லை.

உண்மையைச் சொன்னால், இந்தச் சொல்லை எங்கள் தொழிலில் வாரி இறைக்கிறோம். நிறம் கொஞ்சம் ஒத்துப்போனாலே நோட்டீசில் ஏறிவிடும். 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டத்தில் அந்தச் சொல்லே கிடையாது. ஏமாற்றும் அளவுக்கு ஒத்திருக்கிறதா என்பதே சட்டத்தின் கேள்வி. அதற்கு முழு நகல் தேவையில்லை. ‘அம்ரித்தாரா’ என்ற மருந்தின் பெயரோடு ‘லக்ஷ்மண்தாரா’ குழப்பும் என்று 1962இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்தெண்ணும் வக்கீல் கண் அதற்குக் கணக்கில்லை. அரைகுறை ஞாபகத்தோடு கடைக்கு வரும் சாதாரண ஆளின் கண்தான் கணக்கு. ஆகவே ‘ஈயடிச்சான் காப்பி இல்லை’ என்று வாதாடி ஜெயித்தாலும் வழக்கில் தோற்கலாம். புள்ளியும் சேர்ந்து வந்திருந்தால், ‘எதேச்சையாக அமைந்துவிட்டது’ என்று பதில் எழுத எனக்குக் கை வராது.

புது லேபிளுக்கு ஒப்புக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

“சிவகாசியிலிருந்து வந்ததில் இன்னும் எட்டாயிரம் கிடக்கிறது. அதை மட்டும் ஒட்டித் தீர்த்துவிடட்டுமா?”