எட்டாம் மாத ஸ்கேன் எதைத் தேடுகிறது?

ஐந்தாம் மாத ஸ்கேனில் குறையேதும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். எட்டாம் மாதத்தில் "குழந்தைக்குக் கிட்னி வீங்கியிருக்கு" என்பார்கள். அப்படியானால் முதலில் பார்த்தவர் கோட்டை விட்டுவிட்டாரா? பல சமயம் இல்லை. அன்றைக்கு அந்த வீக்கமே இருந்திருக்காது.

ஸ்கேன் என்பது ஒலியின் வேலை. வயிற்றில் வைத்து நகர்த்தும் புரோபுக்குள் இருக்கும் படிகங்கள் வினாடிக்கு 20 லட்சம் முதல் 50 லட்சம் முறை அதிர்ந்து ஒலியை உள்ளே அனுப்புகின்றன. நீரும் தசையும் எலும்பும் சந்திக்கும் இடங்களில் அது எதிரொலிக்கிறது. உடம்புக்குள் ஒலியின் வேகம் வினாடிக்கு 1,540 மீட்டர் என்று வைத்துக்கொண்டு, எதிரொலி திரும்பிய நேரத்திலிருந்து கருவி ஆழத்தைக் கணக்கிடுகிறது. இடையில் காற்று இருந்தால் ஒலி நுழையாது. அதற்குத்தான் அந்த ஜெல். எக்ஸ்ரேயில் இருக்கும் கதிர்வீச்சு இதில் கிடையாது.

உடலமைப்பைப் பார்க்க 18 முதல் 20 வாரம்தான் வசதி. 32 வாரத்தில் குழந்தை மடங்கிக் கிடக்கும், இறுகிய எலும்புகள் நிழல் விழ வைக்கும். ஆனாலும் சில குறைகள் தாமதமாகத்தான் தலைகாட்டும்.

கர்ப்பத்தின் பின்பாதியில் பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். அதையே குழந்தை விழுங்கி, மறுபடி கழிக்கிறது. சிறுநீர்க் குழாய் குறுகலாக இருந்தால், மதகு அடைத்த வாய்க்காலைப் போல மேல்பக்கம் தேங்கும். சிறுநீர் கூடக்கூட வீக்கமும் தெரியும். 28 வாரத்துக்கு மேல் சிறுநீரகத்தின் நடுப்பை 7 மி.மீ.யைத் தொட்டால் பிறந்த பிறகும் கவனிப்பார்கள். நிறையப் பேருக்கு அது தானாகவே சரியாகிவிடும். பிறந்த இரண்டு நாளில் சிறுநீர் குறைவு என்பதால், அவசரமில்லாவிட்டால் அதன் பிறகே ஸ்கேன் எடுப்பார்கள்.

சிறுகுடலின் தொடக்கம் அடைபட்டிருந்தால் விழுங்கிய நீர் கீழே இறங்காது. இரைப்பையும் அடைப்புக்கு மேலுள்ள குடலும் உப்பி, திரையில் இரண்டு குமிழாகத் தெரியும். பனிக்குட நீரும் கூடும். இதுவும் பெரும்பாலும் ஆறாம் மாதத்துக்குப் பிறகே பிடிபடும். முன்பே தெரிந்தால் குழந்தைகள் அறுவை மருத்துவர் உள்ள இடத்தில் பிரசவம் பார்க்கலாம். அந்தக் குழந்தைக்குப் பாலும் கூடாது, சேனையும் கூடாது. பாட்டிகளிடம் இதை முதலிலேயே சொல்லி வைப்பது உத்தமம்!

நம் டெல்டாவில் இன்னொரு சிக்கல். வளைகாப்பு முடிந்ததும் பெண் மன்னார்குடியிலிருந்து கும்பகோணத்துத் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். கட்டுச்சாதம் கூடவே போகும். பழைய ஸ்கேன் ஃபைல் புகுந்த வீட்டு பீரோவிலேயே இருக்கும். புது மருத்துவருக்கு இன்றைய அளவு மட்டும் போதாது. தொடை எலும்பு குட்டையாக இருக்கிறதென்றால், முதலிலிருந்தே அப்படியா, இடையில் வளர்ச்சி பின்தங்கியதா என்பதை பழைய அளவோடு ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும்.

24 வாரத்துக்குப் பிறகு, கடுமையான குறை என்று மருத்துவக் குழு உறுதி செய்தால் கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் தருகிறது. மற்றபடி இந்த ஸ்கேனின் பயன் பிரசவத்தை எங்கே, எப்படி வைத்துக்கொள்வது என்று முடிவு செய்வதில்தான். இதயத்தில் உள்ள சின்ன ஓட்டை தப்பிவிடலாம். காது கேட்குமா என்பது இதில் தெரியவே தெரியாது.