ஏசி கம்ப்ரஸர் எத்தனை நிமிஷத்தில் நிற்கிறது?

ஏப்ரல் பிறந்துவிட்டால் சேலத்தில் ஏசி மெக்கானிக்குகளுக்கு அதிகம் வரும் போன் இதுதான்: "ஏசி ஓடுதுங்க, காத்தும் வருது, ஆனா குளிர்ச்சியே இல்ல. அணைச்சு வெச்சு ஒரு மணி நேரம் கழிச்சுப் போட்டா நல்லா வருது. அப்புறம் பழையபடி." நான் போவதற்குள் யாராவது ஒருவர் வந்து பார்த்து, "கேஸ் போச்சு" அல்லது "கம்ப்ரஸர் போச்சு" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். பல வீடுகளில் இரண்டுமே போயிருக்காது. ஓவர்லோட் ட்ரிப் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

கேஸை அழுத்திச் சுற்ற வைக்கும் மோட்டார்தான் கம்ப்ரஸர். அதன் தலையில், பிளாஸ்டிக் மூடிக்கு அடியில், ஓஎல்பி (ஓவர்லோட் ப்ரொடெக்டர்) என்று ஒரு சின்னப் பொருள் இருக்கும். ஓவர்லோட் என்று சுருக்கமாகச் சொல்வதும் இதைத்தான். உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு. கரண்ட் அளவுக்கு மேல் இழுத்தாலும், கம்ப்ரஸர் அளவுக்கு மேல் சூடானாலும் தகடு வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். சூடு தணிந்ததும் தானாகச் சேர்ந்துகொள்ளும். சில கம்ப்ரஸர்களில் இது வெளியே இல்லாமல் உள்ளே, வைண்டிங்கோடு (மோட்டாரின் கம்பிச் சுருளோடு) சேர்ந்தே இருக்கும். அந்த வகை ஆறுவதற்கு ஒரு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். மோட்டார் எரியாமல் காப்பதுதான் இதன் வேலை. எனவே ட்ரிப் ஆகிறது என்றால் காவல் ஒழுங்காக இருக்கிறது. கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

இதை நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். குளிர்ச்சி நின்றதும் அவுட்டோர் யூனிட் பக்கம் போய்க் காது கொடுங்கள். ரூம் போதுமான அளவு குளிர்ந்து ஏசி தானாக நின்றிருந்தால், சாதாரண மாடல்களில் கம்ப்ரஸர், ஃபேன் இரண்டுமே நின்றிருக்கும். ஃபேன் மட்டும் சுற்றுகிறது, கம்ப்ரஸரின் உறுமல் இல்லை என்றால் பெரும்பாலும் ஓவர்லோட்தான். அடுத்து மணியைப் பாருங்கள். போட்ட சில நொடிகளில் 'ம்ம்' என்று முனகி 'டக்' என்று நிற்கிறதா? இருபது நிமிஷம், அரை மணி நேரம் ஓடிவிட்டு நிற்கிறதா? மெக்கானிக்குக்குப் போனில் இந்த ஒரு விவரத்தைச் சொன்னாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

சில நொடிகளில் நிற்கிறது என்றால் கம்ப்ரஸரால் கிளம்ப முடியவில்லை. ஒன்றரை டன் சாதாரண ஏசி ஓடும்போது ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும். சுற்ற முடியாமல் நின்றுவிட்டால் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும், ஓஎல்பி உடனே வெட்டிவிடும். முதல் சந்தேகம் ரன் கப்பாசிட்டர், அதாவது மோட்டார் கிளம்பவும் ஓடவும் உதவும் டப்பா போன்ற பொருள். ஒன்றரை டன் ஏசிகளில் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரோஃபாரட் வரை, 440 வோல்ட் ரகம் இருக்கும். தலை உப்பியிருந்தால் பார்த்ததுமே தெரியும். உப்பாமலும் வலுவிழக்கும் என்பதால் மீட்டரில் அளந்துதான் சொல்ல வேண்டும். சில நூறு ரூபாய்ப் பொருள். இதற்காகக் கம்ப்ரஸரையே மாற்றச் சொன்ன கதைகளும் உண்டு. யூடியூப் பார்த்து நீங்களே கழற்ற மட்டும் வேண்டாம். மெயினை அணைத்த பிறகும் கப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

இரண்டாவது லோ வோல்டேஜ். இதில் மெக்கானிக்குகளே ஏமாறுகிறார்கள். அம்மாபேட்டையில் ஒரு வீடு, கீழே தறிக்கூடம், மாடியில் குடியிருப்பு. காலையில் போய்ப் பார்த்தவர்கள் எல்லாம் "230 வருதுங்க, கரண்ட்ல குறை இல்ல" என்று திரும்பியிருக்கிறார்கள். நான் சாயங்காலம் போனேன். தறி ஓடுகிறது, தெருவில் எல்லா ஏசியும் ஓடுகிறது. மெயின் போர்டில் 215 வோல்ட். மாடி ஏசி பாயின்டில் கம்ப்ரஸர் கிளம்பும்போது 185-க்குக் கீழே விழுகிறது. காரணம், மாடிக்கு இழுத்திருந்த வயர் 1.5 ஸ்கொயர் எம்எம். ஃபேன், லைட்டுக்குப் போடுவது. ஏசிக்குத் தனி லைன், 4 ஸ்கொயர் எம்எம் தாமிர வயர் போட்டதும் ட்ரிப் நின்றது. வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் அதே வேலைக்கு அதிக கரண்ட் இழுக்கும், சூடாகும். ஆகவே வோல்டேஜை ஏசி பாயின்டில், கம்ப்ரஸர் ஓடும்போது அளக்க வேண்டும். ஏசி நின்றிருக்கும்போது எடுத்த அளவை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. பெரும்பாலான ஏசிகள் 230-இலிருந்து பத்து சதவீதம், அதாவது 207 வரை தாக்குப்பிடிக்கும். அதற்கும் கீழே அடிக்கடி போகும் தெரு என்றால் ஸ்டெபிலைசர் வேண்டும்.

கரண்ட் போய்ப் போய் வரும் நாட்களில் இன்னொன்றும் நடக்கும். நின்ற கம்ப்ரஸரில் இரண்டு பக்க அழுத்தமும் சமமாகச் சில நிமிஷம் ஆகும். அதற்குள் கிளப்பினால் திணறி ட்ரிப் ஆகும். மூன்று நிமிஷம் காத்திருக்கும் டைமர் இப்போது பல ஏசிகளிலும் ஸ்டெபிலைசர்களிலும் இருக்கிறது. பழைய விண்டோ ஏசியில் அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் கருகிய லக் (வயர் நுனியை முனையில் மாட்டும் உலோகத் துண்டு), அல்லது உள்ளே ஜாம் ஆன கம்ப்ரஸர்.

அரை மணி நேரம் ஓடி நிற்பது வேறு ரகம். கிளம்புவதில் சிக்கல் இல்லை; சூடு வெளியே போகவில்லை. சேலத்தில் மே மாத மதியம் வெயில் 40 டிகிரியைத் தொடும். மேற்குச் சுவரில், தகர ஷீட்டுக்கு அடியில், இரண்டு வீட்டுக்கு நடுவே ஒன்றரை அடிச் சந்தில் அவுட்டோரை மாட்டினால், தான் வெளியே தள்ளிய சூடான காற்றையே அது திரும்ப இழுக்கும். திருட்டுப் போகும் என்று இரும்புக் கூண்டு போட்டு, அதன் மேல் துணி காயப் போடுபவர்களும் உண்டு. தூசியும் ஊருக்குள்ளேயே பகுதிக்குப் பகுதி மாறும். தறி ஓடும் இடங்களில் பஞ்சு, அவுட்டோரின் பின்பக்கத்தில் கம்பளி போர்த்தியதுபோல் படிந்திருக்கும். மாமாங்கம், கருப்பூர் பக்கம் வெள்ளைப் புழுதி. வருஷத்துக்கு ஒரு முறை சர்வீஸ் என்பது இந்த வீடுகளுக்குப் போதாது. கோடைக்கு முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று வேண்டும். எம்சிபியை அணைத்துவிட்டு, ஃபின் (பின்பக்கத்து மெல்லிய தகடுகள்) மடங்காத அளவு அழுத்தத்தில், உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடிக்க வேண்டும். முன்னால் நின்று பைக் கழுவுவதுபோல் அடித்தால் பஞ்சு இன்னும் உள்ளே போய் உட்காரும்.

கழுவிய பிறகும் நிற்கிறதா? ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கும் ஒரு சின்னக் கப்பாசிட்டர் உண்டு. அதற்கு அப்புறம்தான் கேஸ்.

கேஸ் விஷயத்தில், வயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டர் உண்மையைச் சொல்லும். கம்ப்ரஸர் வழியாகச் சுற்றும் கேஸ்தான் அதன் மோட்டார் சூட்டையும் எடுத்துச் செல்கிறது. கேஸ் குறைந்தால் ஆம்பியர் வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டும், ஆனாலும் கம்ப்ரஸர் கொதிக்கும். கேஸ் அதிகமானால் ஆம்பியரும் ஏறும், சூடும் ஏறும். பழைய ஏசிகளின் ஆர்22 கேஸ் பழக்கத்தில், புது ஏசிகளின் ஆர்32 கேஸைக் கண் மதிப்பாக ஏற்றுவதுதான் இப்போது நான் அதிகம் பார்க்கும் தவறு. ஏசியில் ஒட்டியிருக்கும் பிளேட்டில் எத்தனை கிராம் என்று அச்சடித்திருக்கிறது. தராசில் வைத்து அந்த அளவு ஏற்ற வேண்டும். அதற்கு முன் நைட்ரஜன் அடித்து லீக்கைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும், வேக்யூம் போட்டுக் குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும். ஏசி கேஸ் தானாகத் தீராது. வருஷா வருஷம் "டாப் அப்" பண்ணுகிறீர்கள் என்றால் வருஷா வருஷம் லீக்குக்குப் பணம் கட்டுகிறீர்கள். ஆர்32 ஓரளவு தீப்பிடிக்கும் கேஸ் என்பதையும் வெல்டிங் வைக்கும் பையன் தெரிந்திருக்க வேண்டும்.

கம்ப்ரஸர் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லும் முன் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. கம்ப்ரஸரில் சி (காமன்), ஆர் (ரன்), எஸ் (ஸ்டார்ட்) என்று மூன்று முனைகள். மீட்டரில் ஓம் அளக்கும்போது ஆர்-எஸ் இடையே ரீடிங் வருகிறது, சி-யிலிருந்து இரண்டு பக்கமும் ஒன்றும் வரவில்லை என்றால், அது வைண்டிங் அறுந்ததாகவும் இருக்கலாம், உள்ளே இருக்கும் ஓவர்லோட் இன்னும் சேராததாகவும் இருக்கலாம். கை வைத்தால் சுடும் கம்ப்ரஸரை அளந்து "போச்சு" என்பவரிடம், முழுக்க ஆறவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். ஆறிய பிறகு சி-ஆர், சி-எஸ் இரண்டின் கூட்டுத்தொகை ஆர்-எஸ் அளவுக்குச் சமமாக வந்து, வைண்டிங்கிலிருந்து கம்ப்ரஸரின் பாடிக்குக் கரண்ட் கசியவும் இல்லையென்றால் வைண்டிங் நன்றாக இருக்கிறது.

இதையெல்லாம் விட்டுவிட்டு, "ஓவர்லோடை எடுத்துட்டு டைரக்ட் பண்ணிடலாம்ணே" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கூலியைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அன்றைக்கு ஏசி ஓடும். ஒரு மதியம் வைண்டிங் எரியும். எரிந்த ஆயில் அமிலமாகிக் குழாய் முழுக்கப் பரவும். அதைச் சுத்தம் பண்ணாமல் மாட்டும் புதுக் கம்ப்ரஸரும் சீக்கிரம் போகும். வயர் பற்றி எரியும் ஆபத்து வேறு.

கம்ப்ரஸரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் ஏசியில் ரன் கப்பாசிட்டர் கிடையாது. கரண்ட், சூடு இரண்டையும் போர்டே கவனித்து, வேகத்தைக் குறைத்து, முடியாதபோது எர்ரர் கோடு காட்டி நிறுத்தும். கோடு மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் அதைப் போட்டோ எடுத்து வையுங்கள். தூசி, வெயில், வோல்டேஜ், கேஸ் என்ற காரணங்கள் இதற்கும் அதேதான்.

மெக்கானிக்கை ஏசி நிற்கும் நேரத்துக்கே வரச் சொல்லுங்கள். மதியம் மூன்று மணிக்கு நிற்கும் ஏசி, காலை எட்டு மணிக்கு அருமையாக ஓடிக் காட்டும். வோல்டேஜ், ஆம்பியர், முனைகளின் ரீடிங் மூன்றையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். உண்மையிலேயே கம்ப்ரஸர் போயிருந்தால், பணம் எடுக்கும் முன் வாரண்டி கார்டைத் தேடுங்கள். ஏசிக்கு ஒரு வருஷம்தான் என்றாலும், கம்ப்ரஸருக்கு மட்டும் தனியாக 5 அல்லது 10 வருஷம் கொடுத்திருக்கும் கம்பெனிகள் நிறைய.