சரக்கு சுங்கத்தில் நின்றுவிட்டால் எங்கே முறையிடுவது?

சென்னை, காட்டுப்பள்ளி, தூத்துக்குடி என எந்தத் துறைமுகமானாலும், கட்டணமின்றி வைத்திருக்க விடும் இலவச நாட்கள் முடிந்த பிறகும் கண்டெய்னர் நகராவிட்டால் இரண்டு பக்கமும் பணம் போகும். சுங்கம் முடியும்வரை கண்டெய்னரை வைத்திருக்கும் சிஎஃப்எஸ் கிடங்கு கேட்கும் தாமத வாடகையான டெமரேஜ் ஒன்று. காலி கண்டெய்னரைத் திருப்பித் தராததற்காகக் கப்பல் நிறுவனம் கேட்கும் டிடென்ஷன் இன்னொன்று. பெரிய நிறுவனங்களில் இதைக் கவனிக்கத் தனி ஆள் இருப்பார். வருடத்துக்கு நாலைந்து கண்டெய்னர் இறக்கும் சிறு வியாபாரிக்கோ சுங்க வேலைகளை முடித்துத் தரும் தரகரான சிஎச்ஏ சொல்வதுதான் வேதவாக்கு. "கஸ்டம்ஸில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் சார்" என்று அவர் சொன்னால், யார் நிறுத்தியது, என்ன காரணம், எழுத்தில் ஏதாவது கொடுத்தார்களா என்று கேட்கவே பலருக்குத் தோன்றுவதில்லை.

கேட்டுத்தான் ஆக வேண்டும். முறையிடுவதற்குச் சுங்கத் துறையில் பல வழிகள் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு வகைப் பிரச்சினைக்கு மட்டுமே உதவும். கணினிக் கோளாறுக்கு மேல்முறையீடு பயன்படாது. மதிப்புத் தகராறை ஹெல்ப்டெஸ்க்கால் தீர்க்க முடியாது.

மதிப்பீடு தாமதமானால்

முன்பெல்லாம் பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதி ஆவணத்தைப் பார்த்து வரியை மதிப்பிடும் அதிகாரி அதே துறைமுகத்தில் இருப்பார். நேரில் போய் நிற்கலாம். 2020 ஜூன் 8 அன்று சென்னையிலும் பெங்களூருவிலும் தொடங்கிய முகமறியா மதிப்பீடு, அந்த ஆண்டு அக்டோபர் இறுதிக்குள் நாடு முழுவதும் வந்துவிட்டது. இப்போது சென்னையில் இறங்கும் சரக்கின் ஆவணங்களை வேறு ஊரில் இருக்கும் அதிகாரி பார்க்கக்கூடும். அவர் கேள்வி எழுப்பினால் பதிலைச் சுங்கத் துறையின் இணையத் தளமான ஐஸ்கேட் வழியாகவும், துணை ஆவணங்களை ஆவணப் பதிவேற்ற வசதியான ஈ-சஞ்சித் வழியாகவும் அனுப்ப வேண்டும். சரக்கைத் திறந்து பார்க்கும் வேலை மட்டும் உள்ளூர் அதிகாரிகளிடமே இருக்கிறது. அதனால் முதலில் உங்கள் சிஎச்ஏவிடம் கேட்க வேண்டியது இதுதான்: பில் மதிப்பீட்டில் நிற்கிறதா, பரிசோதனையில் நிற்கிறதா?

மதிப்பீட்டில் நின்றால், ஐஸ்கேட்டிலேயே பில் எண்ணைக் குறிப்பிட்டு விரைவுபடுத்தக் கோரலாம். 2021இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. கோரிக்கை சம்பந்தப்பட்ட மதிப்பீட்டுப் பிரிவுக்குத் தானாகப் போய்ச் சேரும். அதிகாரி யாரென்று நீங்கள் தேடி அலைய வேண்டாம். பத்திரம், வங்கி உத்தரவாதம், மூல ஆவணச் சரிபார்ப்பு போன்றவற்றை உள்ளூரில் துரந்த் சுவிதா கேந்திரா என்ற பிரிவில் முடித்துக்கொள்ளலாம். ஐஸ்கேட் உதவி எண் 1800-3010-1000. தளத்தில் நுழைய முடியவில்லை, பணம் கட்டியும் பதிவாகவில்லை என்பது மாதிரியான கோளாறுகளுக்கு மட்டுமே அது பயன்படும்.

கப்பல் வருவதற்கு முந்தைய நாள் முடிவதற்குள் பில் தாக்கல் செய்ய வேண்டும் என்பது கடல்வழிச் சரக்குக்கான பொது விதி. தவறினால் முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் தாமதக் கட்டணம். போதிய காரணம் இருந்தால் இதைத் தள்ளுபடி செய்ய அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. ஆனால் நீங்கள் காரணத்தை எழுதிக் கேட்டால்தான் அவர் அதைப் பரிசீலிப்பார்.

மதிப்பிலோ வகைப்பாட்டிலோ தகராறு என்றால்

சிறு இறக்குமதியாளர்கள் அதிகம் இழப்பது இங்கேதான். நீங்கள் கிலோ இவ்வளவு என்று காட்டிய விலையை அதிகாரி நம்பவில்லை. உயர்த்திப் போடச் சொல்கிறார். அல்லது நீங்கள் போட்ட சுங்கக் குறியீடு தவறு, அதிக வரி உள்ள குறியீட்டில் வரும் என்கிறார். கிடங்கில் வாடகை ஏறிக்கொண்டிருக்கிறது. "ஒரு லெட்டர் கொடுத்துவிட்டால் இன்றே வெளியே எடுத்துவிடலாம்" என்ற யோசனை வருகிறது. அந்தக் கடிதத்தில், உயர்த்திய மதிப்பை ஏற்றுக்கொள்கிறேன், நோட்டீஸ் வேண்டாம், விசாரணை வேண்டாம், உத்தரவும் வேண்டாம் என்று எழுதியிருக்கும். அவசரத்தில் கையெழுத்தும் விழுந்துவிடும்.

அந்தக் கையெழுத்தோடு நீங்கள் எதை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். சுங்கச் சட்டம் 17(5) பிரிவின்படி, நீங்கள் காட்டிய கணக்குக்கு மாறாக அதிகாரி மறுமதிப்பீடு செய்தால், அதிலிருந்து 15 நாட்களுக்குள் காரணங்களோடு எழுத்தில் உத்தரவு தர வேண்டும். இதைத்தான் ஸ்பீக்கிங் ஆர்டர் என்கிறார்கள். நீங்களே எழுத்தில் ஏற்றுக்கொண்டுவிட்டால் அவர் அதைத் தரத் தேவையில்லை. பிறகு மேல்முறையீட்டுக்குப் போனால், நீங்களே ஒப்புக்கொண்டதாயிற்றே என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

மதிப்பு பற்றிய சந்தேகமானால் அதற்கும் முந்தைய படி ஒன்று இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் மதிப்பீட்டு விதிகளில் 12ஆவது விதி, நீங்கள் காட்டிய விலையை ஏன் சந்தேகிக்கிறார் என்பதை, நீங்கள் கேட்டால், அதிகாரி எழுத்தில் சொல்ல வேண்டும் என்கிறது. உங்கள் தரப்பைச் சொல்லவும் வாய்ப்புத் தர வேண்டும். கொள்முதல் ஒப்பந்தம், வங்கி வழி பணம் போன ஆதாரம், விற்பனையாளருடனான மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் அந்தக் கட்டத்திலேயே கொடுத்துவிடுங்கள். மேல்முறையீட்டில் புதிதாக ஆவணம் சேர்ப்பது எளிதல்ல.

சரக்கு உடனே வேண்டும், தகராறும் தீரவில்லை என்றால் 18ஆவது பிரிவின்படி தற்காலிக மதிப்பீடு கேட்கலாம். பத்திரமும் தேவைப்பட்டால் வங்கி உத்தரவாதமும் கொடுத்துச் சரக்கை எடுத்துக்கொள்ளலாம்; இறுதி முடிவு பிறகு வரும். இப்படித் தற்காலிகமாக மதிப்பிட்டவை வருடக்கணக்கில் தீராமல் கிடந்தன. அதனால் இறுதி செய்ய இரண்டு ஆண்டு வரம்பு, தேவையானால் இன்னும் ஓராண்டு என்று 2025ஆம் ஆண்டு நிதிச் சட்டம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. சோதனைக்கூட முடிவில் உடன்பாடு இல்லையென்றால், முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட 10 நாட்களுக்குள் மறுபரிசோதனை கோரலாம். அந்தப் பத்து நாள் கவனிக்காமலே போய்விடுகிறது.

ஆட்சேபத்தோடுதான் வரி கட்டுகிறேன் என்று எழுதிவிட்டுச் சரக்கை எடுப்பவர்கள் உண்டு. நல்ல பழக்கம்தான், பணம் திரும்பக் கேட்பதற்கான ஓராண்டு வரம்பு அப்போது பொருந்தாது. ஆனால் அது மட்டும் போதாது. ஐடிசி நிறுவன வழக்கில் 2019 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: மதிப்பீட்டு உத்தரவு மாற்றப்படாமல் பணம் திரும்பக் கேட்க முடியாது, நீங்களே செய்த சுயமதிப்பீட்டுக்கும் இது பொருந்தும். ஆகவே மேல்முறையீடு செய்யுங்கள், அல்லது 149ஆவது பிரிவில் பில்லைத் திருத்தக் கேளுங்கள், அல்லது எழுத்துப்பிழை போன்றதென்றால் 154ஆவது பிரிவில் கேளுங்கள்.

முதல் மேல்முறையீடு கமிஷனர் (அப்பீல்ஸ்) முன். உத்தரவு கையில் கிடைத்த நாளிலிருந்து 60 நாட்கள். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 30 நாட்கள். அதற்கு மேல் ஒரு நாள் தாமதத்தைக்கூட மன்னிக்க அவருக்கு அதிகாரமில்லை. தகராறில் உள்ள வரியில் 7.5 சதவீதத்தை முன்பணமாகக் கட்ட வேண்டும். அடுத்த கட்டம் செஸ்டாட் தீர்ப்பாயம். அதற்கு மூன்று மாதம், 10 சதவீத முன்பணம்.

வேறு துறை நிறுத்தி வைத்திருந்தால்

தூத்துக்குடியில் மூட்டை மூட்டையாக இறங்கும் முந்திரிக்கொட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சுங்கம் எல்லாவற்றையும் முடித்திருக்கும். தாவரத் தனிமைப்படுத்தல் அலுவலகத்தின் அனுமதி வந்திருக்காது. உணவுப் பொருளுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ, மருந்துக்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, துணிக்கு ஜவுளிக் குழு. இவர்கள் மேல் சுங்க அதிகாரிக்கு நேரடி அதிகாரம் கிடையாது. அதனால்தான் 2015 ஏப்ரலில், பெரிய துறைமுகங்களிலும் விமான நிலையங்களிலும் சுங்கச் சரக்கு விடுவிப்பு வசதிக் குழு என்ற ஒன்றை அமைக்கச் சொன்னார்கள். சுங்கத்தின் மூத்த அதிகாரி தலைமையில் இந்தத் துறைகள், துறைமுகம், கிடங்குகள் எல்லாம் வாரம் ஒருமுறை ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு. அழுகும் சரக்கென்றால் கூட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அதைக் குறிப்பிட்டு அங்குள்ள சுங்க ஆணையரகத்துக்கு அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்.

எல்லோரையும் பாதிக்கும் குறை

ஒரு குறிப்பிட்ட சிஎஃப்எஸ்ஸில் பரிசோதனைக்கு அதிகாரி வருவதே தாமதமாகிறது, ஆய்வக முடிவு வாரக்கணக்கில் வரவில்லை, ஸ்கேனிங்குக்கு வரிசை நீள்கிறது. இதெல்லாம் ஒருவருடைய வழக்கல்ல. இதற்கு நிரந்தர வர்த்தக வசதிக் குழு இருக்கிறது. ஆணையர் தலைமையில் கூடும் அந்தக் கூட்டத்தில் ஏற்றுமதி, இறக்குமதி சங்கங்கள், சுங்கத் தரகர் சங்கங்கள், கப்பல் முகவர்கள், கிடங்கு நடத்துவோர் எல்லாரும் உறுப்பினர்கள். கூட்டத்துக்கு முன் பொருள்நிரல் கேட்பார்கள். பிறகு நடவடிக்கைக் குறிப்பு வெளியாகும்.

இந்தக் குறிப்புகளைப் படிக்கும் பழக்கம் நம் சிறு வியாபாரிகளிடம் இல்லை. அது பெரிய இழப்பு என்று நினைக்கிறேன். உங்கள் பிரச்சினையை வேறொருவர் ஏற்கெனவே எழுப்பியிருப்பார். துறை எழுத்தில் ஓர் உறுதி கொடுத்திருக்கும். அடுத்த கடிதத்தில் அந்தக் குறிப்பின் தேதியைச் சுட்டினால் உங்கள் வார்த்தைக்கு எடை கூடும். தனி ஆளாகப் பொருள்நிரல் கொடுக்க முடியாவிட்டால் சங்கம் வழியாகக் கொடுங்கள். "பரிசோதனை தாமதம்" என்று பொதுவாக எழுதாமல், எந்தத் தேதியில் எந்தப் பில், எத்தனை மணி நேரம் நின்றது என்று எழுதினால்தான் பதில் உருப்படியாக வரும்.

வாடகையை யார் கட்டுவது?

சுங்கம் நிறுத்தி வைத்து, கடைசியில் உங்கள் மேல் தவறில்லை என்றானால், அதுவரை ஏறிய வாடகை? 2009ஆம் ஆண்டின் சுங்கப் பகுதி சரக்குக் கையாளல் ஒழுங்குமுறைகள், அதிகாரி தடுத்து வைத்த அல்லது கைப்பற்றிய சரக்குக்குக் கிடங்கு வாடகையோ டெமரேஜோ வாங்கக் கூடாது என்கின்றன. 2018ஆம் ஆண்டின் கடல் சரக்குப் பட்டியல் ஒழுங்குமுறைகள், பதிவுகளைச் சரிபார்க்கத் தடுத்து வைத்து அவை சரியென்று தெரிந்தால் கப்பல் நிறுவனம் டிடென்ஷன் கேட்கக் கூடாது என்கின்றன. இவற்றைப் பயன்படுத்த, எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை சரக்கு தடுத்து வைக்கப்பட்டது என்று சுங்கத்திடம் சான்று கேட்டு வாங்க வேண்டும்.

ஆனால் சான்று கையில் இருந்தாலே பணம் தள்ளுபடியாகிவிடும் என்று நம்பிவிட வேண்டாம். 2009ஆம் ஆண்டு விதியில், "நடைமுறையிலுள்ள பிற சட்டங்களுக்கு உட்பட்டு" என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. பெருந்துறைமுகங்கள் தங்கள் தனிச் சட்டத்தின் கீழ் டெமரேஜ் வாங்கலாம் என்று மும்பை துறைமுக வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே தனியார் சிஎஃப்எஸ்ஸில் நின்ற நாட்கள் எத்தனை, துறைமுகத்துக்குள்ளேயே நின்ற நாட்கள் எத்தனை என்று பிரித்துக் கணக்கு வையுங்கள்.

ஏற்றுமதியாளர்களுக்கு

திருப்பூர், கரூர் பக்கம் கேட்டால் சரக்கு போய்ச் சேர்ந்தும் கட்டிய ஐஜிஎஸ்டி வரிப் பணம் திரும்பவில்லை என்ற கவலைதான் முதலில் வரும். ஏற்றுமதிக்காகச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில்லே பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பம். தனியாக மனு தேவையில்லை. நின்றுபோனால் ஐஸ்கேட்டில் ஒரு பிழைக் குறியீடு தெரியும். எஸ்பி003 என்றால் ஜிஎஸ்டி எண் பொருந்தவில்லை. எஸ்பி002 என்றால் கப்பல் தரப்பு ஏற்றுமதிப் பட்டியல் தாக்கல் செய்யவில்லை. ஷிப்பிங் லைனைத்தான் நெருக்க வேண்டும். அதிகம் தொல்லை தருவது எஸ்பி005: ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை ரிட்டர்னில் ஓர் இன்வாய்ஸ் எண், ஷிப்பிங் பில்லில் வேறு எண். பிழை ரிட்டர்னில் என்றால் அங்கே திருத்தலாம். ஷிப்பிங் பில்லில் என்றால், இரண்டு எண்களும் ஒரே சரக்குக்கானவை என்று காட்டும் ஒப்பீட்டுப் பட்டியலைச் சுங்கத்திடம் கொடுக்க வேண்டும். வங்கிக் கணக்கு சரிபார்க்கப்படாததாலும் பணம் நிற்கும். ஏற்றுமதிப் பொருளில் அடங்கிய வரியைத் திருப்பித் தரும் டிராபேக் விஷயத்தில், கோரிக்கை தாக்கலாகி ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் வட்டி தர வேண்டும் என்று சுங்கச் சட்டம் 75ஏ பிரிவு சொல்கிறது. பெரும்பாலோர் அந்த வட்டியைக் கேட்பதே இல்லை.

எதுவும் நடக்காவிட்டால்

கடிதத்துக்குப் பதிலே இல்லை என்றால் மத்திய அரசின் சிபிகிராம்ஸ் தளத்தில் புகார் செய்யலாம். 2024 ஆகஸ்ட் வழிகாட்டுதலின்படி 21 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். பதிலில் திருப்தியில்லை என்றால் அங்கேயே மேல்முறையீடு உண்டு. நீதிமன்றத்திலோ தீர்ப்பாயத்திலோ நிலுவையில் இருப்பதை அங்கே எடுக்க மாட்டார்கள்.

பணம் கேட்கிறார்கள் என்றால் அது குறைதீர்ப்பு விஷயமே அல்ல, குற்றம். 2018இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தில் கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயத்தின் பேரில் கொடுத்திருந்தால், ஏழு நாட்களுக்குள் புலனாய்வு அமைப்பிடம் தெரிவித்தவருக்கு அதே சட்டம் பாதுகாப்பு தருகிறது. சுங்கம் மத்திய அரசுத் துறை என்பதால் சிபிஐயின் ஊழல் தடுப்புப் பிரிவிடம் போகலாம். சிஎச்ஏ பில்லில் விவரமில்லாத "இதரச் செலவு" இருந்தால் அது என்ன, ரசீது எங்கே என்று பணம் தருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.